கேலா கிராமத்துக் குரல்: கிரியோ பாடகர் காசே மாடி ஜபாத்தே

மேற்கு ஆப்பிரிக்காவின் மாண்டிங்கா மக்களிடையே ‘கிரியோ’ எனப்படும் பரம்பரைப் பாடகர் ஒருவரின் வாழ்க்கை எப்படி அமைகிறது, அந்தக் கலை பிறப்பால் வருவதா பயிற்சியால் வருவதா, மேடையும் இசைத்தட்டும் வந்த பிறகு அந்த மரபில் என்ன எஞ்சியிருக்கிறது என்பவையே இங்கு கேட்கப்பட்டுள்ள கேள்விகள். இவற்றுக்குப் பொதுவாகப் பதில் சொன்னால் அது அகராதி விளக்கம்போல் ஆகிவிடும் என்பதால், நான் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிற ஒரு பாடகரின் வாழ்வை முன்வைத்தே விடை சொல்ல விரும்புகிறேன். அவர் பெயர் காசே மாடி ஜபாத்தே. 1949-இல் மாலி நாட்டின் கேலா என்னும் கிராமத்தில் பிறந்து, 2018 மே 24 அன்று தலைநகர் பமாக்கோவில் மறைந்தவர். கியூப இசை, பாரிஸ் ஒலிப்பதிவுக் கூடம், ஸ்பெயினின் ஃபிளமெங்கோ இசை, அமெரிக்கப் புளூஸ் இசை என எங்கெல்லாமோ சென்று பாடினார். ஆனால் எங்கே பாடினாலும் கேலா கிராமத்தின் சார்பில் பேசுகிறவராகவே பாடினார். அவருடைய வாழ்க்கையை இந்த ஒரு நோக்கில் பார்த்தால்தான் அது விளங்கும் என்பது என் கருத்து.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ‘கிரியோ’ என்பது பிரெஞ்சுக்காரர்கள் வழியாகப் பரவிய சொல். அந்த மக்கள் தம் மொழியில் ‘ஜெலி’ என்றே சொல்கிறார்கள். பெண்ணாக இருந்தால் ‘ஜெலிமூசோ’. காம்பியாவிலும் தெற்குச் செனகலிலும் மாண்டிங்கா என்றும், மாலியிலும் கினியிலும் மனிங்கா என்றும் பெயர் சிறிது மாறினாலும், 13-ஆம் நூற்றாண்டில் சுந்தியாத்தா கெய்த்தா நிறுவிய மாலிப் பேரரசைத் தம் மூலமாகக் கருதும் ஒரே பெருங்குலத்தார் இவர்கள். அந்தச் சமூகத்தில் ஜெலி என்பது பிறப்பால் வரும் தொழில்குலம். கொல்லர், தோல் தொழிலாளர் ஆகியோரோடு சேர்ந்து அவர்கள் ‘நியாமாகலா’ என்ற பிரிவில் அடங்குவர். உழவரும் ஆள்வோருமான ‘ஹோரோன்’ குலத்தாரோடு அவர்களுக்கு மரபுப்படி மணவுறவு கிடையாது. கூயாத்தே, ஜபாத்தே, சிசோகோ போன்ற குடும்பப் பெயரைக் கேட்டவுடனேயே அங்குள்ளவர்களுக்கு அவர் ஜெலி என்பது தெரிந்துவிடும். ஆனால் அந்தக் குலத்தில் பிறந்த எல்லாரும் பாடகர் ஆவதில்லை. ஜெலியின் கலையை அவர்கள் மூன்றாகப் பிரிக்கிறார்கள்: ‘கூமா’ என்னும் சொல்வன்மை, ‘தோன்கிலி’ என்னும் பாட்டு, ‘ஃபோலி’ என்னும் கருவி இசை. வரலாற்றைச் சொல்வதும் கருவி இசைப்பதும் பெரும்பாலும் ஆண்களுடைய வேலை. பாட்டு, குறிப்பாக மாலியில், பெண்களின் ஆட்சியில் இருக்கும் துறை. காசே மாடி ஆணாகப் பிறந்தும் பாட்டால் பெயர் பெற்றவர் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது முக்கியமாகிறது.

ஜபாத்தே என்ற பெயருக்கே ஒரு கதை உண்டு. த்ராவோரே குலத்தைச் சேர்ந்த அண்ணன் தம்பி இருவர், தோ நாட்டை அழித்துக்கொண்டிருந்த காட்டெருமை ஒன்றை வேட்டையாடச் சென்றார்கள். தம்பியின் அம்பு அதை வீழ்த்தியது. அதைக் கண்ட அண்ணன் தன் மூப்பையும் மறந்து அங்கேயே நின்று தம்பியைப் புகழ்ந்து பாடினான். ‘அண்ணா, நீ ஜெலியாக இருந்தால் உனக்கு இல்லை என்று சொல்லக்கூடியவர் எவரும் இருக்க மாட்டார்’ என்று தம்பி வியந்தான். ‘மறுப்பார் இல்லை’ என்ற பொருளிலான அந்தச் சொற்றொடரே ஜபாத்தே என்று ஆயிற்று, அண்ணனின் வழிவந்தவர்கள் ஜெலிகள் ஆனார்கள் என்பது மரபு. அந்த வேட்டைக்குப் பரிசாகக் கிடைத்த சோகோலோன் என்ற பெண்ணே சுந்தியாத்தாவின் தாய். ஆகவே ஜபாத்தே குடும்பத்தார் பேரரசின் கதையை வெளியில் நின்று சொல்கிறவர்கள் அல்லர்; அந்தக் கதைக்குள்ளேயே தங்களுக்கும் ஓர் இடம் உள்ளவர்கள். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்தது, ஓர் அண்ணன் தம்பியின் பெருமையைத் தன் வாயால் சொல்லத் துணிந்த அந்தக் கணத்தில் ஒரு குலமே பிறந்தது என்னும் எண்ணம்தான்.

கேலா கிராமம் பமாக்கோவிலிருந்து தென்மேற்கே சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில், காங்கபா என்ற ஊரை ஒட்டி, நைஜர் ஆற்றுச் சமவெளியில் இருக்கிறது. காங்கபாவில் சுந்தியாத்தாவின் வழிவந்த கெய்த்தாக்கள் வாழ்கிறார்கள். கேலாவின் ஜபாத்தேக்கள் அவர்களுடைய ஜெலிகள். காங்கபாவில் ‘காமாப்லோன்’ என்றொரு வட்டமான மண்வீடு இருக்கிறது. 1653-இல் கட்டப்பட்டது என்பது மரபுச் செய்தி. ‘சொல்லின் வீடு’ என்று அழைக்கப்படும் அந்த வீட்டுக்கு ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை பழைய கூரையைப் பிரித்துப் புதுக் கூரை வேய்கிறார்கள். ஐந்து நாள் நடக்கும் இந்தச் சடங்கில் 20, 21 வயது இளைஞர்கள் கூரையைக் கட்டித் தூக்கி வைக்க, மூத்தவர்கள் அருகில் நின்று முறையைச் சொல்லித் தருகிறார்கள். கேலாவின் ஜபாத்தேக்கள் வீட்டுக்குள் அமர்ந்து மாலிப் பேரரசின் தாயகமான மாண்டே நாட்டின் வரலாற்றை ஓதுகிறார்கள். அதைப் பதிவு செய்யப் பிறருக்கு அனுமதி இல்லை. யுனெஸ்கோ 2009-இல் இந்தச் சடங்கைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. சொல்லை இந்த அளவுக்குக் காவல் காக்கும் ஓர் ஊரில் வளரும் குழந்தை, எதைச் சொல்லலாம் என்பதோடு எதை யார் முன்னால் சொல்லக்கூடாது என்பதையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறது.

காசே மாடியின் பாட்டனாரும் புகழ்பெற்ற பாடகர். ‘ஜெலி ஃபாமா’, அதாவது பெரும் ஜெலி என்று ஊர் அவரை அழைத்தது. பேரனுக்கு ஏழு வயதானபோது அந்தக் குரல் இவனிடம் வந்திருக்கிறது என்பதைக் குடும்பத்து மூத்தவர்கள் கண்டுகொண்டார்கள். அவர்களுள் ஒருவர் சிராமோரி ஜபாத்தே. இருபதாம் நூற்றாண்டு மாலியின் தலைசிறந்த ஜெலிமூசோக்களில் ஒருவர். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறவர்களைப் போற்றும் ‘சாரா’ என்ற பாடலை அவர் பாடியதை ஒருமுறை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். இந்தக் குடும்பத்தில் பாட்டு கற்பது வகுப்பில் உட்கார்ந்து கற்பதல்ல. பெரியவர்கள் பெயர்சூட்டு விழாவுக்கோ திருமணத்துக்கோ போகும்போது பிள்ளைகள் கூடவே போவார்கள்; பின்பாட்டில் சேர்ந்துகொள்வார்கள்; தலைப்பாடகர் எந்தக் குலப்பெயருக்கு எந்த முன்னோரை நினைவுகூர்கிறார், எங்கே குரலை இறக்குகிறார், எங்கே ஒரு பெயரை வேண்டுமென்றே விட்டுவிடுகிறார் என்பதைப் பல ஆண்டுகள் பார்த்தே தெரிந்துகொள்வார்கள். கதை சொல்லும் அவையில் ஒருவர் ஒவ்வொரு வரிக்கும் ‘நாமு’ என்று ஊம் கொட்டிக்கொண்டே இருப்பார். நம் வீடுகளில் பாட்டி கதை சொல்லும்போது குழந்தைகள் ஊம் கொட்டுவதைப் போன்றதுதான், ஆனால் அங்கே அது ஒரு பொறுப்பு: சொல்லப்பட்டதைக் கேட்டேன், அதற்கு நான் சாட்சி என்று பொருள்.

பாட்டின் அமைப்பையும் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ஜெலியின் பாடலில் இரண்டு இழைகள் உண்டு. ஒன்று எல்லாருக்கும் தெரிந்த பல்லவி. பின்பாட்டுப் பெண்கள் அதைத் திரும்பத் திரும்பப் பாடுவார்கள். மற்றொன்று, பாடகர் அந்த இடத்துக்கும் எதிரே இருப்பவருக்கும் ஏற்ப அவ்வப்போது இட்டுக்கட்டும் பகுதி. மாண்டிங்கா மொழியில் இதைச் ‘சத்தாரோ’ என்பார்கள். பாதி பேச்சாகவும் பாதி இசையாகவும் ஓடும் இந்தப் பகுதியில்தான் குலப்பெயர்களும் பழமொழிகளும் முன்னோர் செயல்களும் வந்து விழும். கீழே 21 தந்திகள் கொண்ட கோராவோ, மரக்கட்டைகளால் ஆன பாலாஃபோனோ, ‘ங்கோனி’ என்னும் சிறு நரம்புக்கருவியோ ஒரே சுழலை விடாமல் வாசித்துக்கொண்டிருக்கும். அதன் மேல் பாடகர் மிக உயர்ந்த சுரத்தில் ஒரேயடியாக எடுத்து, படிப்படியாக இறங்கி, மூச்சு முடியும் இடத்தில் ஆதார சுரத்தில் வந்து அமர்வார். காசே மாடியின் தனிச்சிறப்பு இந்த இறக்கத்தில்தான் இருந்தது. ஜெலிகளிடம் பொதுவாக எதிர்பார்க்கப்படும் கணீரென்ற எடுப்பு அவரிடம் இல்லாமல் இல்லை; ஆனால் அவர் இறங்கும்போது குரல் மென்மையாகி, யாரையோ தேற்றுவதுபோல் ஆகிவிடும். உரக்கப் பாடும் கலையில் ஒருவர் தாழ்ந்து பாடியே சபையை அமைதியாக்கினார் என்பது சாதாரணமான செய்தி அல்ல. அந்த மென்மை அவருக்குப் பெண்கள் பாடக் கேட்டு வளர்ந்ததால் வந்தது என்றே நான் நினைக்கிறேன்.

1970-இல் அவர் காங்கபா வட்டார இசைக்குழுவான ‘சூப்பர் மாண்டே’யின் முதன்மைப் பாடகர் ஆனார். அதே ஆண்டில், அதே 1949-இல் பிறந்த இன்னொருவர் பமாக்கோவின் ‘ரெயில் பேண்ட்’ குழுவில் பாடச் சேர்ந்தார்: சாலிஃப் கெய்த்தா. இருவரின் நிலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஜெலி என்ற சொல்லின் எடை புரியும். கெய்த்தா சுந்தியாத்தாவின் குலத்தவர். மரபுப்படி அவர் பாடப்படவேண்டியவரே அன்றிப் பாடவேண்டியவர் அல்லர். அவர் மேடையேறியதை அவருடைய குடும்பம் எளிதில் ஏற்கவில்லை. காசே மாடிக்கோ பாடாமல் இருப்பதுதான் குற்றமாக இருந்திருக்கும். ஒருவர் பாடுவதற்காகத் தன் குலத்தோடு மல்லுக்கு நின்றார். மற்றவர் பாடியதன் வழியாகவே தன் குலத்துக்குக் கடமையைச் செலுத்தினார். வெளியுலகம் இருவரையும் ‘மாலிப் பாடகர்கள்’ என்று ஒரே அடுக்கில் வைத்துவிடுகிறது.

விடுதலை பெற்ற மாலி அரசு இசையைத் தேசத்தைக் கட்டும் கருவியாகக் கருதியது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஓர் இசைக்குழு. 1970 முதல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பமாக்கோவில் ‘பியனால்’ என்னும் நாடு தழுவிய கலைவிழா. அந்தப் போட்டியில் சூப்பர் மாண்டே வெற்றி பெற்றதில் காசே மாடியின் குரலுக்குப் பெரும் பங்கு இருந்தது. அங்கேதான் ‘லாஸ் மாராவியாஸ் தெ மாலி’ குழுவினர் அவரைக் கண்டுகொண்டார்கள். 1964-இல் அரசு உதவித்தொகையில் கியூபாவுக்கு அனுப்பப்பட்டு, ஹவானாவின் இசைக்கல்லூரியில் படித்துத் திரும்பிய மாலி இளைஞர்கள் இவர்கள். வயலின், புல்லாங்குழலோடு சராங்கா என்னும் கியூப நடன இசையை அசல் கியூபர்களைப்போலவே வாசித்தார்கள். ஆனால் உள்நாட்டு இசையையும் சேர்க்க வேண்டும் என்று அரசு அவர்களை வற்புறுத்தியது. அதற்காக அவர்கள் அழைத்துக்கொண்ட குரல் கேலாவின் குரல். குழுவின் பெயர் பின்னர் ‘பதேமா நாசியோனால்’ என்று ஆயிற்று. பதேமா என்ற சொல் ஒரு தாய் வயிற்றுச் சுற்றத்தைக் குறிப்பது. மாண்டே மக்கள் உறவை இரண்டு விதமாகப் பார்க்கிறார்கள்: ஒரு தாய் பிள்ளைகளின் இணக்கம் ‘பதேன்யா’; ஒரு தந்தைக்குப் பல மனைவியரிடம் பிறந்தவர்களின் போட்டி ‘ஃபதேன்யா’. பங்காளிக் காய்ச்சல் என்று நாம் சொல்வதற்கு மிக அருகில் உள்ளது இரண்டாவது. சுந்தியாத்தாவையே நாட்டைவிட்டு ஓடவைத்தது அதுதான். தாய்வழி இணக்கத்தைப் பெயராகக் கொண்ட ஒரு குழுவில், கியூபத் தாளத்தின் மேல், ஜெலியின் நீண்ட இறங்குவரிகளைக் காசே மாடி வைத்தபோது இரண்டும் ஒன்றையொன்று விலக்கவில்லை. அட்லாண்டிக்கைக் கடந்து அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டவர்களோடு போன தாளங்கள் திரும்பி வந்தன என்பதால் அது வியப்புக்குரியதும் அல்ல.

1988-இல் அவர் பதேமாவை விட்டுப் பாரிஸ் சென்றார். செனகலைச் சேர்ந்த தயாரிப்பாளர் இப்ராகிமா சில்லாவுக்காக ‘ஃபோதே’ என்ற முதல் தனித் தொகுப்பைப் பாடினார். மின்கருவிகள் நிறைந்த, அந்தக் காலத்துப் பாரிஸ் பாணித் தயாரிப்பு அது. அதையடுத்து 1990-இல் வந்த ‘கேலா டிரடிஷன்’ முற்றிலும் வேறு: மின்கருவிகள் ஒதுங்கி, கேலாவின் ஜெலிப் பாடல்கள் மட்டும். ஒருவர் தம் முதல் பெரிய வாய்ப்பைப் பெற்ற கையோடு மக்கள் ஆடக்கூடிய இசையை விட்டு ஊர்ப்பாட்டுக்குத் திரும்பியதைச் சந்தைக் கணக்கால் விளக்க முடியாது. இந்த மரபை முதன்முதலாகக் கேட்க விரும்புகிறவர்களுக்கு நான் ‘கேலா டிரடிஷன்’ தொகுப்பைத்தான் பரிந்துரைப்பேன்.

ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் பாரிஸில் இருந்தார். ஸ்பெயினின் கெட்டாமா என்ற ஃபிளமெங்கோ குழுவோடும் கோரா மேதை துமானி ஜபாத்தேயோடும் சேர்ந்த ‘சோங்காய் 2’ 1994-இல் வந்தது. அமெரிக்கப் புளூஸ் கலைஞர் தாஜ் மகாலோடு மாலி இசைக்கலைஞர்கள் ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸ் நகரில் பதிவு செய்த ‘கூலாஞ்ஜான்’ 1999-இல் வெளியானது. கூலாஞ்ஜான் என்பது ஒரு கழுகின் பெயர்; அந்தப் பாடல் வேட்டைக்காரர்களுடையது. வேட்டைக்காரர் இசை ஜெலிகளின் குலச்சொத்து அல்ல, எக்குலத்தவரும் கற்றுப் பாடலாம் என்பதால், ஒரு ஜெலி அதைப் பாடுவது தன் எல்லையைக் கடந்து இன்னொரு மரபுக்கு மரியாதை செய்வதாகும். அந்தத் தொகுப்பில் அவர் குரல் சற்றுக் கரடுமுரடாக மாறியிருப்பதைக் கவனித்துக் கேட்டால் உணரலாம்.

மாலிக்குத் திரும்பிய பிறகு அவர் செய்த பணிகளில் ‘காசி காசே’ எனக்கு மிக முக்கியமானது. இசை ஆய்வாளர் லூசி துரான் தயாரித்த அந்தத் தொகுப்பு, நகரத்துக் கூடத்தில் அல்லாமல், பதிவுக் கருவிகளைக் கேலாவுக்கே கொண்டுபோய்ப் பதியப்பட்டது. கிராமி விருதுக்கும் அது பரிந்துரைக்கப்பட்டது. துமானியின் ‘சிமெட்ரிக் ஆர்க்கெஸ்ட்ரா’விலும் பாடினார். 2010-இல் வந்த ‘அஃப்ரோகியூபிசம்’ தொகுப்புக்குத் தனிக் கதை உண்டு: 1996-இல் மாலிக் கலைஞர் சிலர் ஹவானா சென்று கியூபர்களோடு இசைப்பதாக இருந்து, அவர்கள் போய்ச்சேர முடியாமல் போனதால், அங்கே கூடிய கியூபர்களைக் கொண்டு பதிவு செய்யப்பட்டதுதான் உலகப் புகழ்பெற்ற ‘புவேனா விஸ்டா சோஷியல் கிளப்’ தொகுப்பு. பல ஆண்டுகள் கழித்து அந்தத் தடைப்பட்ட சந்திப்பு நிறைவேறியபோது, கியூப இசையைத் தன் இளமையிலேயே ஜெலியின் குரலால் பாடியிருந்த காசே மாடி அதில் இருந்தார். 2014-இல் வந்த ‘கிரிக்கே’ என்றால் குதிரைச் சேணம். பலாக்கே சிசோகோவின் கோரா, லான்சினே கூயாத்தேயின் பாலாஃபோன், மகான் துங்காராவின் ங்கோனி, தயாரிப்பாளர் வின்சென்ட் செகாலின் செல்லோ ஆகியவற்றோடு, 65 வயதில் அவர் பாடியது அது. குரல் உயரம் சற்றுக் குறைந்திருந்தது, மென்மை கூடியிருந்தது.

கிரியோக்கள் பணம் கொடுப்பவரைப் புகழ்கிறவர்கள்தானே என்ற குற்றச்சாட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பமாக்கோத் திருமணங்களில் பாடகியின் கையில் நோட்டுகள் அடுக்கடுக்காக விழுவது உண்மை. தகுதியில்லாதவரையும் புகழும் ஜெலிகள் இருப்பதை மாலியிலேயே பலர் வருந்திப் பேசுகிறார்கள். ஆனால் முறை என்பது அதுவல்ல. ‘துகா’ என்னும் பிணந்தின்னிக் கழுகுப் பாட்டு வீரச்செயல் புரிந்தவர்களுக்கு உரியது. அதைக் கண்டவர்களுக்கெல்லாம் பாடுவது பாடகருக்கே இழுக்கு. ஒருவனை அவன் முன்னோரின் பெயர் சொல்லிப் புகழ்வதென்பது, நீ இவர்களுடைய பிள்ளை, அதற்குத் தக நட என்று சபையறியச் சொல்வது. திருமணம் பேசி முடிப்பதும், பகைத்த குடும்பங்களைச் சமாதானம் செய்வதும் ஜெலியின் பணிகளே; ஹோரோன் ஒருவர் தம் வாயால் சொல்லக் கூசுவதை அவருக்காக ஜெலி சொல்கிறார். கொடுக்கப்படும் பணத்தைப் பாட்டின் விலையாக மட்டும் பார்ப்பது, பல தலைமுறைகளாக ஒரு குடும்பத்தின் நினைவைச் சுமந்து வந்த இன்னொரு குடும்பத்தோடு உள்ள உறவைக் காணாமல் விடுவதாகும்.

காசே மாடியின் மகள் ஹவாவும் பாடகி. பாலாஃபோன் கலைஞர் லசானா ஜபாத்தே, ங்கோனி வாசிக்கும் மமடு கூயாத்தே ஆகியோரோடு ‘திரியோ த காலி’ என்ற குழுவில் பாடுகிறார். அமெரிக்காவின் குரோனோஸ் குவார்ட்டெட் என்னும் நால்வர் நரம்பிசைக் குழுவோடு அவர்கள் செய்த ‘லடிலிகான்’ 2017-இல், தந்தை உயிரோடு இருந்தபோதே வெளியானது. குரோனோஸ் குழுவின் டேவிட் ஹாரிங்டனுக்கு ஹவாவின் குரல் அமெரிக்க நற்செய்திப் பாடகி மஹாலியா ஜாக்சனை நினைவூட்டியது. அதனால் மஹாலியா பாடிப் புகழ்பெற்ற பாடல்கள் இரண்டை ஹவா தம் மொழியில் அந்தத் தொகுப்பில் பாடினார். சிராமோரி முதலான பெண்கள் ஏழு வயதுப் பையனிடம் கொடுத்த பாட்டு, அவர் வழியாக மீண்டும் ஒரு பெண்ணின் குரலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அந்தப் பாடல்களிலும் முதல் வரியை ஹவா உயரத்தில்தான் எடுக்கிறார். பிறகு மூச்சு முடியும்வரை, தந்தை இறங்கியதைப்போலவே, மெல்ல இறங்கி வருகிறார்.